ஸ்கூல் சிஸ்டரா, வார்டு சிஸ்டரா?

பைக்காராவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

“அக்கா, எனக்கு 36 வயசு. ஜி.என்.எம். முடிச்சிட்டு கோயம்புத்தூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில 2 வருஷம் வார்டு பார்த்தேன். கல்யாணம் ஆகி பைக்காரா வந்தேன். வீட்டுக்காரருக்கு மின்வாரியத்துல வேலை. 9 வருஷமா ஊட்டிப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில நர்ஸா இருக்கேன். பொண்ணு அதே பள்ளியில 7-ம் வகுப்பு. ஸ்டாஃப் பிள்ளைங்கிறதால பாதி ஃபீஸ்தான். ஊட்டியில பெரிய ஆஸ்பத்திரி வந்ததுல இருந்து மனசு ஒரு நிலையில இல்ல. கூடப் படிச்சவங்க ஐ.சி.யூ.ல இருக்காங்க. ‘நீ இன்னும் பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டுதான் இருக்கியா’ன்னு வாட்ஸ்அப் குரூப்புல கேலி பண்றாங்க. கை மறந்துபோச்சோன்னு பயமா இருக்கு. போகலாமா, வேண்டாமா?”

தங்கச்சி, முதலில் அந்த வாட்ஸ்அப் கேலியை ஓரமாக வைத்துவிடலாம். அதற்குப் பதில் சொல்வதற்காக யாரும் வேலையை மாற்றக் கூடாது.

பள்ளி நர்ஸ் வேலை எப்படித் தொடங்கியது தெரியுமா? 1902-ல் நியூயார்க் நகரத்துப் பள்ளிகளில் கண்நோய், பேன், படர்தாமரை என்று பிள்ளைகளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அனுப்பிய பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க வீட்டில் வழியில்லை. அதனால் பிள்ளை பள்ளிக்குத் திரும்பி வரவே இல்லை. லினா ரோஜர்ஸ் என்ற நர்ஸை 4 பள்ளிகளுக்குப் போட்டார்கள். அவர் பள்ளியிலேயே புண்ணுக்கு மருந்து போட்டார், வீடு தேடிப் போய்த் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்தார். அவரைப் பார்த்து இன்னும் பல நர்ஸுகளை வேலைக்கு எடுத்தார்கள். ஒரே வருடத்தில், திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளின் கணக்கு சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. இத்தனையும் பிளாஸ்டர் ஒட்டும் கைகள் செய்த வேலைதான்.

உங்கள் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் புதிதாக விடுதிக்கு வந்த பிள்ளை தினமும் காலையில் வயிற்றுவலி என்று வந்து நிற்கும். பத்தில் ஒன்பது முறை அது அம்மா நினைப்பு. ஒரு முறை மட்டும் தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கும், காய்ச்சலும் சேரும். அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க உங்கள் பக்கத்தில் டாக்டர் இல்லை, லேப் இல்லை. ராத்திரி 2 மணிக்கு, வெளியே மூடுபனி கொட்டிக் கிடக்கும்போது, ஜீப்பை எழுப்புவதா, விடியும்வரை பார்ப்பதா என்று முடிவெடுப்பது நீங்கள் ஒருத்திதான். வலிப்பு வந்த பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 5 நிமிடம் தாண்டுகிறதா என்று கடிகாரம் பார்ப்பதும் நீங்கள்தான். நீலகிரி பழங்குடிக் குழந்தைகளிடம் காணப்படும் அரிவாள் செல் ரத்தசோகைக்குக் குளிரும் தண்ணீர் குடிக்காததும் ஆகாது. அந்தப் பிள்ளை கைகால் வலி என்று சொன்னால் அது சோம்பல் இல்லை என்று வார்டனுக்கு எடுத்துச் சொல்வதும் நீங்கள்தான்.

30 வருடங்களுக்கு மேல் வார்டில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து யோசித்துச் செய்ததை நீங்கள் தனியாகச் செய்கிறீர்கள்.

அதற்காக வார்டு வேலை வேறு இல்லை என்று சொல்லமாட்டேன். உங்களிடம் வருவது பெரும்பாலும் ஆரோக்கியமான பிள்ளைகள், அதில் நோயாளி யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். வார்டில் எல்லோருமே நோயாளிகள், அதில் யாருக்கு இப்போது மோசமாகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ் இருக்க வேண்டும். காகிதத்தில் இருக்கும் அந்தக் கணக்கு எல்லா வார்டிலும் இருப்பதில்லை. ஒரு கையில் டிரிப்ஸ், இன்னொரு கையில் கேஸ் ஷீட், காதில் மானிட்டர் சத்தம், நடுவில் “சிஸ்டர், ஒரு நிமிஷம்” என்று நாலு குரல். அதுதான் வார்டு.

கை மறந்துபோகுமா? ஊசி, கேனுலா போடுவது சைக்கிள் மாதிரி, சில வாரங்களில் திரும்பி வந்துவிடும். நேரம் பிடிப்பது வேறு: புது மருந்துகளின் அளவு, இன்ஃபியூஷன் பம்ப், டியூட்டி மாறும்போது ஒன்று விடாமல் ஒப்படைப்பது. படித்தால் அதுவும் வரும். ஆகவே பயம் ஒரு காரணமாக இருக்கக் கூடாது.

அப்படியானால் எதை வைத்து முடிவெடுப்பது? ஒரு சோதனை சொல்கிறேன். சீரியஸான பிள்ளையை ஊட்டிக்குக் கொண்டுபோய் கேஷுவாலிட்டி வாசலில் ஒப்படைக்கிறீர்களே, அப்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது? ‘அப்பாடா, பத்திரமான கையில் கொடுத்தாச்சு’ என்று மூச்சு விடுகிறீர்களா? இல்லை, கதவு மூடும்போது ‘அடுத்து நடப்பதை நானும் நின்று செய்ய வேண்டும்’ என்று தவிக்கிறீர்களா? முதலாவது என்றால் நீங்கள் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறீர்கள். இரண்டாவது என்றால் உங்களை வார்டு கூப்பிடுகிறது. அந்தக் குரலை எத்தனை வருடம் ஆனாலும் அடக்க முடியாது.

இரண்டாவது என்றே வைத்துக்கொள்வோம். இனி நடைமுறைக் கணக்கு.

ஊட்டியில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2025 ஏப்ரலில் 700 படுக்கை மருத்துவமனை திறந்தார்கள். மலைக்கு அது பெரிய வரம். ஆனால் ஊட்டியில் மருத்துவமனை இருப்பதால் ஊட்டியிலேயே வேலை கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். அரசு நர்ஸ்களை எடுப்பது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி. தேர்வு மாநிலம் முழுமைக்கும் ஒன்று. தமிழ்த் தகுதித் தாளும் உண்டு. போஸ்டிங் ராமநாதபுரத்திலும் விழலாம். முதலில் தொகுப்பூதியம், நிரந்தரம் அப்புறம். 2015-ல் மாதம் 7,700 ரூபாய்க்குச் சேர்ந்தவர்கள் போராடிப் போராடித்தான் தொகுப்பூதியம் 18,000 வரை வந்தது. நிரந்தரத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் நிறைய. மாவட்ட நலவாழ்வுச் சங்கம் எடுக்கும் பணி உள்ளூரிலேயே கிடைக்கும், ஆனால் அது 11 மாத ஒப்பந்தம்.

தனியார் என்றால், உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் அமைந்த குழு 2016-லேயே, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனைகூட நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான். கையில் எவ்வளவு வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது மகள் விஷயம். ஃபீஸ் சலுகையும் சம்பளம்தான். உதாரணத்துக்கு, பள்ளியில் மாதம் 15,000 ரூபாய் சம்பளம், வருடத்துக்கு 60,000 ரூபாய் சலுகை என்றால் உங்கள் உண்மையான வருமானம் மாதம் 20,000. புது இடத்தில் 18,000 கொடுத்து, அதில் பஸ்ஸுக்கும் போனால், பதவி உயர்ந்த மாதிரி இருக்கும், வீட்டில் பணம் குறையும். உங்கள் சொந்த எண்களைப் போட்டு, வீட்டுக்காரரோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

அடுத்தது சாலை. பைக்காராவிலிருந்து ஊட்டி சுமார் 20 கிலோமீட்டர். எல்லோரும் நைட் டூட்டிக்குப் பயப்படுவார்கள். நைட் டூட்டிக்கு மாலையில் போய்க் காலையில் வந்துவிடலாம். சிக்கல் மதிய டூட்டிதான். அது முடிவது இரவில். கூடலூர் சாலையில் மூடுபனி, காட்டுமாடு, எப்போது வரும் என்று தெரியாத பஸ். வேலைக்குச் சேரும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “மதிய டூட்டி முடிந்தால் தங்க இடம் உண்டா?”

இரண்டுக்கும் நடுவிலும் வழி இருக்கிறது. மலை இறங்கினால் கூடலூரில் 1990-ல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனை இருக்கிறது. ‘அஸ்வினி’ அமைப்பு நடத்துவது. பழங்குடிப் பெண்களையே நர்ஸாகப் பயிற்றுவித்து, வார்டையும் கிராமத்தையும் சேர்த்துப் பார்க்க வைத்தார்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்ஸ்கள் உண்டு. அதுவும் படுக்கையோரப் பணிதான், பெரும்பாலும் பகல் வேலை. இத்தகைய இடங்களையும் விசாரித்து வையுங்கள்.

என் முடிவு இதுதான்: மனசு கேட்டால் போங்கள். ஆனால் ராஜினாமாவில் தொடங்காதீர்கள், தயாரிப்பில் தொடங்குங்கள். நர்சிங் கவுன்சில் பதிவு புதுப்பித்து இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பி.எல்.எஸ். எனப்படும் உயிர்காப்புப் பயிற்சியை எடுங்கள், சான்றிதழ் 2 வருடம் செல்லும். கோடை விடுமுறையில் தெரிந்த மருத்துவமனையில் மேட்ரனிடம் அனுமதி கேட்டு, 3 வாரம் வார்டில் கூட நின்று பாருங்கள். கால் வலிக்கட்டும், தூக்கம் கெடட்டும். 3 வாரம் முடிந்தும் ஆசை மிச்சம் இருந்தால் அது உண்மையான ஆசை. பள்ளியை விடுவதானால் கல்வியாண்டு முடிவில் விடுங்கள், நடுவில் வேண்டாம். மகளிடமும் பேசுங்கள், 12 வயதுப் பிள்ளைக்கு எல்லாம் புரியும்.

விடுதியில் பிள்ளையை விட்டிருக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்துமா, வலிப்பு, அலர்ஜி எதையும் ‘சீட் கிடைக்காது’ என்று பயந்து மறைக்காதீர்கள். ராத்திரி 2 மணிக்கு உங்கள் பிள்ளைக்குத் தாயாக நிற்பது அந்த நர்ஸ்தான். அவருக்குத் தெரியாத நோய்க்கு அவர் எப்படி மருந்து கொடுப்பார்?

பைக்காராத் தங்கச்சி, நீங்கள் எங்கே போனாலும் நர்ஸ்தான். 3 வாரம் வார்டில் நின்று பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.