உடைந்த கண்ணாடியும் ஒதுக்கிய வரலாறும்

செபராங் பிறை மண்ணில் பழங்கல்லுக்குக் குறைவில்லை. புக்கிட் மெர்தாஜாம் மலையடிவாரத்தில், புனித அன்னாள் தேவாலய வளாகத்தில், செரோக் தோக்குன் பாறை கிடக்கிறது. பல்லவர் எழுத்தை ஒத்த பழைய எழுத்துகள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. இதே செபராங் பிறையின் வடபகுதியில் 1834ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லோ என்னும் கும்பினி அதிகாரி கண்டெடுத்த புத்தகுப்தன் கல்வெட்டு, இன்று கல்கத்தாவிலுள்ள இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல் கடல் கடந்து போய்விட்டது. ஆயினும் அறிஞர் உலகம் அதனை இன்றளவும் செபராங் பிறைக் கல்லாகவே பேசுகிறது. எடுத்தவர் எங்கே எடுத்தார் என்பதை எழுதி வைத்துச் சென்றார், அவ்வளவுதான் காரணம்.

இந்த எளிய பாடத்தைத் தமிழ்ப் பள்ளிகள் மாணவர்க்குச் சொல்லுவதில்லை. அவை சொல்லுவது பெருமை ஒன்றையே.

ஆண்டுதோறும் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வடக்கே மெர்போக் நோக்கிப் புறப்படுகின்றன. அங்கே 1980ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. மாணவர்கள் புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் மேடைமீது வரிசையாக நின்று படம் எடுத்துக் கொள்கிறார்கள். ஆசிரியர் பட்டினப்பாலை கூறும் காழகத்தை நினைவூட்டுகிறார். 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் கடற்படை கொண்டு கடாரம் வென்ற செய்தியை முழங்குகிறார். பிறகு அனைவரும் உணவுப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். உள்ளே கண்ணாடிப் பேழைகளுக்குள் சிறுமணிகளும் கலங்களின் உடைசல்களும் காத்துக் கிடக்கின்றன. அவற்றின் முன் நிற்பார் இல்லை. உடைந்த கண்ணாடியில் என்ன வரலாறு இருக்கப் போகிறது என்பது பெரும்பாலோர் எண்ணம். அந்த எண்ணம் தவறு. தவறு என்பதோடு நில்லாமல், தமிழ் மாணவனுக்குத் தீங்கும் செய்வது.

பூஜாங் பள்ளத்தாக்கில் கிடைத்த கண்ணாடி எத்தகையது என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். பெங்காலான் பூஜாங்கில் 1960களின் தொடக்கத்தில் அலஸ்டேர் லாம்ப் அகழ்ந்தபோது, மேற்காசியாவில் செய்யப்பட்ட கண்ணாடிக் கலங்களின் துண்டுகள் சீனப் பீங்கான் உடைசல்களோடு வெளிப்பட்டன. சுங்கை மாஸில் கிடைத்த மணிகளோ வேறொரு கதை சொல்லுகின்றன. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, அக்குழலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, கூர்முனை மழுங்கும்படி மறுபடியும் சூடேற்றிச் செய்த மணிகள் அவை. இந்த முறைக்குத் தாயகங்களுள் ஒன்றாக அறிஞர் காட்டுவது புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு. 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அதே அரிக்கமேடுதான். உலைக்கு முன்னால் அமர்ந்து, கை சுட, கண் எரிய, குழல் இழுத்த தொழிலாளியின் கைத்திறன் கடல் கடந்து இக்கரைக்கு வந்திருக்கிறது. சோழனின் படை வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே வந்திருக்கிறது. மன்னன் பெயர் தெரியும். மணி செய்தவன் பெயர் தெரியாது. அவனைப் பற்றிய சான்றாக எஞ்சியிருப்பது அந்த மணி ஒன்றே. அதன் முன் ஒரு நிமிடம் நிற்கப் பொழுதில்லையாம்.

1025 என்றதும் நிமிர்ந்து உட்காரும் தமிழாசிரியர்க்கு இன்னுமொரு செய்தி. ஏறத்தாழ அதே ஆண்டை ஒட்டி, துருக்கி நாட்டின் தென்மேற்குக் கரையில் செர்சே லிமானி என்னும் துறையருகே ஒரு வணிகக் கப்பல் மூழ்கியது. 1977 முதல் 1979 வரை கடலுக்கடியில் அதனை ஆராய்ந்தவர்கள், சுமார் 3 டன் கண்ணாடியை அதில் கண்டார்கள். கண்ணாடிப் பாளங்களும், மறுபடியும் உருக்குவதற்கெனத் திரட்டிய உடைசல்களுமே அந்தச் சரக்கு. உடைந்த கண்ணாடியையே விலைப் பொருளாக ஏற்றிச் சென்ற கப்பல் அது. இலட்சக்கணக்கான அத்துண்டுகளை ஆண்டுக் கணக்கில் உட்கார்ந்து ஒட்டினார்கள். பொட்ரும் நகர அருங்காட்சியகத்தில் அக்கலங்கள் இன்று மறுபடியும் கலங்களாக நிற்கின்றன. அந்நாட்டார்க்குப் பொறுமை இருந்தது. பூஜாங்கின் துண்டுகள் முன்னால் ஐந்து நிமிடம் நிற்பதற்கே இங்கே பொறுமை இல்லை.

2013ஆம் ஆண்டில் சுங்கை பத்து தோட்டப் பகுதியிலிருந்த 11ஆம் எண் கோயிற் சின்னம் வீடமைப்புக்காக இடித்துத் தள்ளப்பட்டபோது, தமிழ்ச் சமுதாயம் கொதித்தெழுந்தது. எழ வேண்டியதுதான். ஆனால் அக்கொதிப்பு கல்லோடு நின்றுவிட்டது. வீடமைப்புக்காக அழிந்த தோட்டங்கள் எத்தனை! அவற்றின் மண்ணோடு வாரி எறியப்பட்ட பொருள்களுக்காக ஒரு குரலும் எழவில்லை.

கண்ணாடியைப் போற்றத் தெரிந்தவர் இந்த மாநிலத்தில் இல்லாமல் இல்லை. ஜார்ஜ்டவுன் சர்ச் வீதியில், கப்பித்தான் சுங் கெங் குவி 1890களில் எழுப்பிய மாளிகை இன்று பெரானாக்கான் அருங்காட்சியகமாக விளங்குகிறது. விக்டோரியா காலத்துக் கண்ணாடி மலர்த்தாங்கிகள் பல அங்கே உள்ளன. கொடிபோல் கிளைத்து, கிளைக்கொரு கிண்ணம் ஏந்தி, விருந்து மேசையின் நடுவே நின்றவை. அழகில் குறைவில்லை, பேணியவர்க்கு நன்றியும் உரியது. ஆனால் அந்த மேசைக்குச் சருக்கரை கொடுத்த கரும்புத் தோட்டங்கள் எங்கே இருந்தன? பத்து காவானிலும் செபராங் பிறையின் தென்பகுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்த் தொழிலாளர் வெட்டிய கரும்பு அது. பின்னர்க் கரும்பு போய் இரப்பர் வந்தது. தொழிலாளியின் வீட்டிலும் கண்ணாடி இருந்தது. அதனை யார் பேணினார்?

என்ன கண்ணாடி என்று கேட்பார்க்கு விடை நீளமானது. தோட்டத்து ஆசுபத்திரியில் கலவை மருந்து வாங்கிவந்த புட்டி. வேளைக்கு எவ்வளவு என்று காட்டப் பக்கத்தில் வெட்டுத்தாள் ஒட்டிய புட்டி. 1928ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பிறந்த கோடாலித் தைலத்தின் சின்னஞ்சிறு குப்பி. புலிச்சின்னத் தைலத்தின் அறுகோணச் சாடி. குழந்தையின் வயிற்று நோவுக்கு உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர். அதன் பழைய கலவையில் மதுச்சாரமும் இருந்தது என்பது, கள்ளை வெறுத்த பாட்டிமார் அறியாத செய்தி. திருவிழா நாளில் கோலிச் சோடா. பால் உறையவைக்கும் அமிலம் வந்த பெருஞ்சாடி. மைக்கூடு. பூசை மாடத்து விளக்கின் புகைக்கண்ணாடி.

இவை இன்று எங்கே? ஒரு காலத்தில் தோட்டமாயிருந்த அல்மா போன்ற இடங்களில் அடுக்கு வீடுகளும் கடைவரிசைகளும் நிற்கின்றன. மண்வாரி இயந்திரம் தோண்டும்போது வெளிப்படும் புட்டிகள் சிலவற்றைப் பழம்பொருள் வணிகர் பொறுக்குகின்றனர். அவை லோரோங் கூலிட் சந்தைக்குப் போகின்றன. வாங்குவோர் அமிலம் இட்டுக் கழுவி, பளபளப்பாக்கி, நிறவாரியாக அடுக்கி வைக்கிறார்கள். மண் போயிற்று, மண்ணோடு ஊரும் போயிற்று. எந்தத் தோட்டம், எந்த லயம், எந்தக் குப்பைக்குழி என்று ஒருவரும் எழுதுவதில்லை. பிறகு அருங்காட்சியகத்துக்கே போனாலும், அது "பழைய புட்டி, பச்சை நிறம்" என்னும் சீட்டோடு நிற்கும். சேகரிப்பவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அவர் விலை கொடுத்தாவது எடுத்தார். அந்த லயத்தில் பிறந்து வளர்ந்து ஆசிரியரானவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

கல்வெட்டைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். புட்டியைப் படிக்க ஆறாம் ஆண்டு மாணவனுக்கு அரைமணிப் பாடம் போதும். வார்ப்பச்சின் தையற்கோடு பக்கவாட்டில் ஏறி வருவதை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லலாம். கோடு கழுத்தோடு நின்று, வாய் தனியே கையால் ஒட்டப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் பழையது. வாய்விளிம்பு வரை கோடு ஓடினால், பொதுவாக 1903ஆம் ஆண்டில் மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கி இயந்திரம் இயங்கத் தொடங்கியதற்குப் பிற்பட்டது. அடியில் முறிந்த வடு இருந்தால், ஊதுபவன் இரும்புக் கோலில் ஏந்தி வேலை செய்த காலத்துக்குரியது. இளம்பச்சை நிறம் மணலிலுள்ள இரும்பால் வருவது. அந்தப் பச்சையைப் போக்க மாங்கனீசு சேர்த்த கண்ணாடி, பல்லாண்டு வெயிலில் கிடந்தால் ஊதா நிறம் பெறும். ஹைரம் காட் 1872ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற சோடாப் புட்டிக்கு மூடியே இல்லை. உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் கோலியை வாய்க்குத் தள்ளி அடைத்துவிடும். அந்தக் கோலிக்காகவே சிறுவர் புட்டியை உடைத்தார்கள். முழுப் புட்டி அருகிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அறிவியல், வரலாறு, தமிழ் மூன்றும் இந்த ஒரு பாடத்தில் உண்டு. குப்பி, சீசா, புட்டி, போத்தல் என்று ஒரே பொருளுக்கு இத்தனை சொல் ஏன்? சீசா பாரசீகத்திலிருந்து வந்தது. போத்தல் ஐரோப்பியரோடு வந்தது. சொல் ஒவ்வொன்றும் ஒரு கப்பலில் வந்திறங்கியதை மாணவனே கண்டுகொள்வான்.

இவ்வளவும் சொன்னபின், வாய்விட்டுச் சொல்லப்படாத தடை ஒன்று எஞ்சுகிறது. அதுதான் வெட்கம்.

தோட்டத்துக் கண்ணாடியைத் தேடினால் மருந்துப் புட்டியோடு சம்சுப் புட்டியும் வரும். கள்ளுக்கடையின் நினைவும் வரும். பள்ளியின் நூற்றாண்டு விழாக் கண்காட்சியில் அதனையா வைப்பது, பிற இனத்தார் பார்த்தால் என்ன நினைப்பர் என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். சோழன் போதும், புலிக்கொடி போதும் என்பார்கள்.

வெட்கம் யாருக்குரியது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைக்க உரிமம் தந்தது குடியேற்ற அரசு. வரி பெற்றதும் அதுவே. கடையை நடத்தியது தோட்ட நிருவாகம். கொடுத்த கூலி மாலையில் அதே தோட்டத்துக் கடைக்குத் திரும்பி வந்தது. இதனைத் தொழிலாளர் வாய் பொத்தி ஏற்றுக்கொண்டனரா? 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பது அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. அவ்வேலை நிறுத்தம் படைவலியால் ஒடுக்கப்பட்டது. 1947ஆம் ஆண்டில் கெடாவில், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்தவர்களைக் காவல்துறை அடித்து விரட்டியது. பின்னாளில் மலிவுச் சம்சு தோட்டங்களையும் புறம்போக்குக் குடிசைகளையும் அரித்தபோது, பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அதனை எதிர்த்துக் குரல் கொடுத்தது. கள்ளுக்கு எதிராகத் தமிழ்த் தொழிலாளி நடத்திய போரை, சோழன் நடத்திய போருக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததாகக் கருத இயலாது. மெர்போக்கிலிருந்து பீடோங் வெகு தொலைவிலும் இல்லை. அருங்காட்சியகம் சென்று திரும்பும் பேருந்து அவ்வழியாக வரக்கூடும். எந்த ஆசிரியராவது வண்டியை நிறுத்தி அந்தப் பெயரைச் சொன்னதுண்டா?

புட்டியை ஒளித்தால் குடித்தவன் மட்டும் மறைவதில்லை. அதை எதிர்த்து அடி வாங்கியவனும் சேர்ந்து மறைகிறான். கணவன் குடித்த புட்டியைக் கழுவி விளக்கெண்ணெய் ஊற்றி வைத்தவளும் மறைகிறாள். இத்தகைய வரலாற்றைப் படிக்கும் மாணவன் சோழனிலிருந்து நேரே அடுக்கு வீட்டுக்குத் தாவுகிறான். இடையே ஒன்றரை நூற்றாண்டு அவனுக்கு வெறும் இருட்டு. தன் கொள்ளுப்பாட்டன் யார் என்று கேட்டால் "கூலி" என்னும் ஒரு சொல்லுக்கு மேல் அவனிடம் விடையில்லை. கொள்ளுப்பாட்டனைப் பற்றி எழுத்துச் சான்று கிட்டுவதும் அரிது. நிருவாகத்தின் ஏட்டில் அவன் ஒரு வரி. அவன் கை தொட்ட பொருளாவது எஞ்ச வேண்டாமா?

இது அரசாங்க அருங்காட்சியகத்தின் வேலை, பள்ளிக்கூடத்தின் வேலை அன்று என்பார் உளர். அருங்காட்சியக அலுவலர் தமிழ்க் குடும்பங்களின் சமையலறைக்குள் வந்து தேட மாட்டார். எந்தப் புட்டி எந்த லயத்திலிருந்து வந்தது என்பதை அறிந்த கிழவர்களும் கிழவிகளும் தமிழில் பேசுகிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு எழுதக் கூடியவர் தமிழ் மாணவரே. அந்த முதியோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.

பள்ளியில் இடமில்லை என்னும் தலைமையாசிரியர்க்கு, நூலகத்தில் பழைய வினாத்தாள் கட்டுகள் அடைத்துக் கிடக்கும் ஒரு தட்டைக் காலி செய்யலாம் என்று சொல்ல வேண்டும். பதிவேட்டுக்குப் பணமில்லை என்பவர்க்கு, நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று போதும். கிடைத்த நாள், கொடுத்தவர் பெயர், தோட்டம், லயம், எதற்குப் பயன்பட்டது, அதைப் பற்றி அவர் சொன்னது என ஆறு கட்டங்கள் கோடிட்டால் வேலை தீர்ந்தது. கழுவ வேண்டாம். பளபளப்பாக்க வேண்டாம். அடியில் ஒட்டிய மண் அப்படியே இருக்கட்டும்.