விற்பதற்கு முன் உடுத்துவோம்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை எமது கரையோரக் கிராமங்களில் தையல் இயந்திரம் இல்லாத தெருவைக் காண்பது அரிது. ஆனால் அவற்றில் எத்தனை இன்று ஓடுகின்றன? ஒரு வீட்டில் அதன்மேல் சீலை விரித்துத் தொலைக்காட்சிப் பெட்டியை வைத்திருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் அது பிள்ளைகளின் கொப்பிகள் அடுக்கும் மேசை. அதே வீட்டுத் தாய், நோன்புப் பெருநாள் நெருங்கும் வேளையில் மகளின் சட்டைத் துணியோடு தையல்காரரைத் தேடி அலைகிறார். "பெருநாளைக்குப் பிறகுதான் ஏலும்" என்ற பதிலோடு திரும்பி வருகிறார்.

இந்த நிலை ஏன் வந்தது என்பதைச் சிந்திக்க வேண்டும்.

தையல் இயந்திரம் எமக்குப் புதியதல்ல. சிங்கர் நிறுவனம் 1877ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. சீதனப் பொருட்களோடு இயந்திரமும் போன காலத்தை எமது மூத்த தாய்மார் அறிவார்கள். எனினும், அது ஒரே நேரத்தில் பெருந்தொகையாக வீடுகளுக்குள் வந்தது 2004 டிசெம்பர் 26ஆம் திகதிய கடற்கோளின் பின்னரே. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. கணவனையும் தொழிலையும் இழந்த பெண்களுக்கு இயந்திரங்கள் வழங்கப்பட்டன. பயிற்சி வகுப்புகள் நடந்தன, சான்றிதழ்கள் கொடுக்கப்பட்டன. கொடுத்தவர்களின் நோக்கம் நல்லதே. ஆனால் அந்தத் திட்டங்களில் பல ஒரே கேள்வியையே கேட்டன: "இதனால் மாதம் எவ்வளவு உழைப்பாய்?"

ஒரே தெருவில் பத்துப் பெண்கள் ஒரே தையலைப் பழகினால் யாருக்கு யார் விற்பது? 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் மலிவான ஆயத்த ஆடைகள் கடைகளை நிறைத்துவிட்டன. அவற்றோடு போட்டியிட ஒரு வீட்டு இயந்திரத்தால் முடியாது. முதல் ஆறு மாதத்தில் ஓடர் குறைந்தது, அடுத்த ஆறு மாதத்தில் இயந்திரம் மூலைக்குப் போனது. "நமக்குத் தொழில் சரிவராது" என்று அந்தப் பெண்ணும் மனம் சோர்ந்தாள்.

எனது கருத்து இதுதான்: வீட்டுத் தையலை முதலில் வருமானமாகப் பார்க்காதீர்கள், சேமிப்பாகப் பாருங்கள். அயலாருக்கு விற்பதற்கு முன் எமது வீட்டார் உடுத்தட்டும். வெளியே போகாத ரூபாவும் உழைத்த ரூபாதான். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியபோது இந்த உண்மையை நாம் எல்லோரும் உணர்ந்தோம்.

பாடசாலைச் சீருடையை எடுத்துக்கொள்வோம். 1993ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் மாணவருக்கு இலவசச் சீருடை வழங்கும் திட்டத்தை நடத்தி வருகிறது. பிள்ளைக்குக் கிடைப்பது துணிதான், தைத்த உடையல்ல. மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் தையல் கூலி ஒவ்வோர் ஆண்டும் பெற்றோரின் தலையில் விழுகிறது. இலவசத் துணியை உடுப்பாக்கும் திறமை வீட்டிலேயே இருந்தால்தான் அந்த இலவசம் முழுமை பெறும்.

அந்தத் திறமை எது? பலர் இயந்திரம் மிதிப்பதையே தையல் என்று எண்ணுகிறார்கள். தையலின் உயிர் வெட்டுதலில் இருக்கிறது. 1992இல் தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தின் பின் கிராமத்து யுவதிகள் பலர் இத்தொழிலுக்குப் போனார்கள். அங்கே ஒருவர் கொலரை மட்டும் தைப்பார், இன்னொருவர் கையை மட்டும் பொருத்துவார். ஆண்டுக்கணக்காக வேலை செய்தவருக்கும் ஒரு முழுச் சட்டையை அளந்து வெட்டத் தெரியாமல் போகலாம். எமது பயிற்சி நிலையங்களும் பூவேலைக்கும் சுருக்கு வேலைக்கும் கொடுக்கும் நாட்களை அளவெடுப்புக்குக் கொடுப்பதில்லை.

வெட்டுதல் கடினமான கணக்கல்ல. மார்புச் சுற்றளவு 36 அங்குலமானால் அதில் நான்கில் ஒரு பங்கு 9. தளர்வுக்கு 1½ அங்குலமும் பக்கத் தையலுக்கு 1 அங்குலமும் கூட்டினால் 11½. துணியை நான்காக மடித்து இந்த அகலத்தைக் குறித்தால் தளர்வான வீட்டுக் கவுணுக்கான உடல் பகுதி வந்துவிடும். கழுத்தையும் கைக்குழியையும் நன்கு பொருந்தும் பழைய சட்டை ஒன்றைப் பார்த்து வரையலாம். துணியில் கத்தரிக்கோல் வைக்கப் பயமென்றால் முதலில் பழைய பத்திரிகைத் தாளில் வெட்டிப் பாருங்கள். பிழைத்தால் நட்டம் ஒரு தாள் மட்டுமே.

வெட்டுமுன் இரண்டு விடயங்களை மறக்கக் கூடாது. பருத்தித் துணியை ஓர் இரவு நீரில் ஊறவைத்து உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதற் கழுவலில் சட்டை சுருங்கிவிடும். அடுத்து, துணியின் கரையோடு ஓடும் பாவு நூல் உடம்பில் மேலிருந்து கீழாக விழ வேண்டும். இது தவறினால் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் உடை ஒரு பக்கம் இழுக்கும்.

அபாயாவும் அப்படித்தான். கடையில் பெரிய விலை சொல்லும் இந்த உடையின் அடிப்படை வெட்டு மிக எளியது. 60 அங்குல அகலத் துணியை நான்காக மடித்தால் கையையும் உடலையும் ஒரே துண்டாக வெட்டலாம். தோளிலிருந்து கணுக்கால் வரை 54 அங்குலம் உள்ளவருக்கு, மடிப்புக்கு 2 அங்குலம் சேர்த்து, முன்னும் பின்னுமாக 112 அங்குலம் தேவை. 3 மீற்றர் துணி போதும்.

வளரும் பிள்ளையின் உடுப்பில் கீழ் மடிப்பை 3 அங்குலமும் பக்கத் தையலை 1 அங்குலமும் விட்டுத் தையுங்கள். அடுத்த வருடம் பிரித்து இறக்கினால் அதே உடுப்பு இன்னொரு வருடம் உழைக்கும். கடை உடுப்பில் இந்த இடம் விடப்படுவதில்லை. இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1941 முதல் பிரித்தானியாவில் உடைக்கும் பங்கீடு வந்தது. பழையதைப் பிரித்துத் தைக்கும்படி அரசாங்கமே மக்களுக்குக் கற்பித்தது. ஒட்டுப் போடுவது வறுமையின் அடையாளமல்ல, அது வீட்டுப் பொருளாதாரம்.

இயந்திரத்தையும் கவனிக்க வேண்டும். எமது கடற்காற்று இரும்பை அரிக்கும். வாரத்துக்கு ஒரு தடவை பஞ்சைத் துடைத்து, ஓரிரு துளி இயந்திர எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், அது நாளடைவில் பிசினாகி இறுகிவிடும். மெல்லிய துணிக்கு 11ஆம் இலக்க ஊசி, சாதாரண பருத்திக்கு 14, தடித்த துணிக்கு 16. "மெசின் பழுது" என்று சொல்லப்படும் பல பழுதுகள் மழுங்கிய ஊசியால் வருபவையே.

"கடையில் வாங்குவது மலிவு, ஏன் கஷ்டப்பட வேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள். அதில் நியாயம் உண்டு. ரீசேட்டையும் டெனிமையும் வீட்டில் தைக்க முயல்வது வீண். அவற்றை வாங்குங்கள். சீருடை, வீட்டுக் கவுண், அபாயா, பிள்ளைகளின் உடுப்பு, தலையணை உறை, திரைச்சீலை ஆகியவற்றை வீட்டில் தையுங்கள். எதை வாங்குவது, எதைத் தைப்பது என்று தெரிவு செய்வதும் ஓர் அறிவே.

புதுமைக்கும் ஊக்கத்துக்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கல்முனைக்குப் பக்கத்திலேயே மருதமுனை இருக்கிறது. இறக்குமதித் துணி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் செழித்த கைத்தறி, 1977இன் பின் நலிந்தது. கடற்கோளிலும் தறிகள் அழிந்தன. இருந்தும் அந்தக் கைவண்ணம் இன்னும் மறையவில்லை. மருதமுனைச் சாரத் துணியின் கரைக்கோட்டை ஒரு சிறுவனின் சட்டைப் பையில் வைத்துத் தைத்தால் அதற்குமேல் அலங்காரம் வேண்டுமா? நெய்பவரும் தைப்பவரும் ஒரே ஊரில் இருந்தும் ஒருவரை ஒருவர் அறியாதிருப்பது எமது நட்டமே.

பயிற்சி நடத்தும் சங்கங்களுக்கும் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இறுதி நாளில் சான்றிதழ் கொடுக்குமுன், பயிலுநர் தம் வீட்டார் ஒருவருக்குத் தாமே அளந்து, வெட்டி, தைத்த ஓர் உடையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையோ தாயோ அதை உடுத்தி வரட்டும். அதுவே பரீட்சை. ஆண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைத்தெருவில் தைப்பது ஆண்களென்றால் வீட்டில் தைப்பது மட்டும் ஏன் பெண்ணின் வேலையாக இருக்க வேண்டும்?

வீட்டாரின் உடலில் பொருந்தும் உடையைத் தைத்தவரைத் தேடி அயலார் தாமாகவே வருவார்கள். வருமானம் அப்படித்தான் வர வேண்டும். ஆகவே சகோதரிகளே, இன்று மாலை அந்த இயந்திரத்தின் மேலிருக்கும் சாமான்களை இறக்கி வையுங்கள். தூசியைத் துடைத்து, எண்ணெய் விட்டு, புதிய ஊசி ஒன்றைப் போடுங்கள். முதலில் ஒரு தலையணை உறை தைத்தாலும் போதும்.