போர் வந்தால் யாருக்கு லாபம்?



"ஒரு பெரிய போர் வந்தால்தான் நாடு முன்னேறும், அமெரிக்காவைப் பாருங்கள்" என்று நம் வாட்ஸப் குழுவில் ஒருவர் போட்டிருக்கிறார். இருபது பேர் கட்டைவிரல் உயர்த்தியிருக்கிறார்கள். வரலாற்றுப் பாடம் நடத்தியவனுக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அவர் சொன்னது பாதி உண்மை. 1940-ல் அமெரிக்காவில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் வேலை இல்லை. 1944-ல் அது ஏறத்தாழ ஒருவர் என்று குறைந்தது. கார் செய்த ஃபோர்டு கம்பெனி குண்டுவீச்சு விமானம் செய்தது. மீதிப் பாதியைத்தான் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. அங்கே சர்க்கரை, இறைச்சி, பெட்ரோல் எல்லாம் ரேஷன். விலைவாசி அரசின் பிடியில் இருந்தது. பெரும் பணக்காரரின் வருமானத்தில் உச்சப் படிக்கு 94 சதவீதம் வரி. தம் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய அரசு செய்த ஏற்பாடு அது.

நமக்கு என்ன நடந்தது? 1939 செப்டம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் போரில் இறக்கிவிட்டார். இங்கே வாங்கிய சரக்குக்குத் தன் பங்கை பிரிட்டன் லண்டனில் பற்று எழுதி வைத்தது. அதற்கு ஈடாக இங்கே ரூபாய் நோட்டு அச்சடித்தார்கள். போர் முடிவதற்குள் புழக்கத்தில் இருந்த நோட்டு ஐந்து மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. சரக்கு கப்பலேறியது, காகிதம் நம் கையில் நின்றது, விலை ஏறியது. 1942-ல் பர்மா விழுந்ததும் அங்கிருந்து வந்த அரிசியும் நின்றது. மில் துணி பட்டாளத்துக்குப் போக, கைத்தறிக்காரர் நூலுக்கு அலைந்தார். 1943-ல் வங்கத்தில் பட்டினியிலும் நோயிலும் செத்தவர்கள் சுமார் 30 லட்சம்.

நம் மாவட்டத்தில் நடந்ததையும் சொல்கிறேன். 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. இந்தியாவிலேயே முதல் மாவட்டம் நம்முடையது. அன்று நாமக்கல்லும் திருச்செங்கோடும் இதில்தான் இருந்தன. சாராய வருமானம் போனதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. அதே ஆண்டு, கேட்காமல் போரில் இறக்கியதைக் கண்டித்து மந்திரிசபை விலகியது. பிறகு கவர்னர் ஆட்சி. 1943-ல் அந்த ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. சரி, விற்பனை வரியையாவது எடுத்தார்களா? இல்லை. கடையும் திறந்தது, வரியும் நின்றது. அரிசிக்கு அல்லாடிய வீட்டிலிருந்து இரண்டு வழியாகக் காசு போனது. ஓட்டுப் போட்டு யாரையும் கேட்கவும் வழியில்லை.

சிலர் சம்பாதித்தார்கள், மறுக்கவில்லை. பட்டாள கான்ட்ராக்ட் எடுத்தவரும், நெல்லையும் நூலையும் பதுக்கியவரும் செழித்தார்கள். அவர்கள் பெட்டி நிறைந்ததை நாடு முன்னேறியதாகச் சொல்லாதீர்கள்.

நாட்டைக் காக்கப் போர் வந்தே தீரும் என்றால் எல்லோரும் நிற்போம். லாபம் என்று சொல்லி அதை வாவென்று கூப்பிடாதீர்கள். அடுத்த முறை அந்தப் பதிவை ஃபார்வர்டு செய்யும் முன், செலவு யார் வீட்டு அடுப்பிலிருந்து போகும் என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்.