மூடியின் மேல் யாருக்கு வீடு?

பள்ளத்தில் ஓடும் நகர நெடுஞ்சாலையைக் கான்கிரீட் தளத்தால் மூடி, அதன்மேல் பூங்காவோ குடியிருப்போ எழுப்புவது நகரத் திட்டமிடலில் இன்று பெரிதும் போற்றப்படும் தீர்வு. அமெரிக்காவில் இதனைப் ‘பிளவுண்ட சமூகங்களை மீண்டும் இணைத்தல்’ என்கிறார்கள். அந்நாட்டின் 2021ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டம் இந்நோக்கத்துக்கென 100 கோடி டாலர் ஒதுக்கியது. இணைத்தல் என்பது இனிய சொல். இணைத்தபின் உருவாகும் புதிய நிலம் யாருடையது என்ற கேள்வியை அந்த இனிமை மறைத்துவிடுகிறது.

மின்னசோட்டா மாநிலத்தின் செயிண்ட் பால் நகரம் இதற்குத் தக்க சான்று. அந்நகரின் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் ரோண்டோ என்ற பகுதியில் வாழ்ந்தனர். அதன் நடுவே 94ஆம் எண் நெடுஞ்சாலையைக் கொண்டுசெல்ல முடிவானது. இருப்புப்பாதையை ஒட்டிய வடக்கு வழித்தடம் ஒன்றை நகரத் திட்டப் பொறியாளர் ஜார்ஜ் ஹெரால்ட் முன்மொழிந்திருந்தார், அது ஏற்கப்படவில்லை. ஆகவே ரோண்டோவின் அழிவை எவரும் தவிர்க்கவியலா விபத்து என்று சொல்ல முடியாது. 600க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன. 1956ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் கட்டுமானச் செலவில் 90 விழுக்காட்டைக் கூட்டரசின் கருவூலத்திலிருந்து வழங்கியது. வெளியேற்றப்பட்டோர் எங்கே போவார்கள் என்பதைப் பற்றி அது கவலைப்படவில்லை. மறுகுடியமர்வு உதவியை நாடு முழுவதற்கும் சீராக்கிய சட்டம் 1970இல்தான் வந்தது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப்பாகுபாட்டைத் தடைசெய்த கூட்டரசுச் சட்டம் 1968இல் வந்தது. அதே ஆண்டில் அந்தச் சாலை திறக்கப்பட்டது. வேறிடத்தில் வீடு வாங்கும் உரிமை சட்டமாகும் முன்பே இருந்த வீடு பறிபோயிருந்தது.

திட்டமிடல் உரைகள் எளிதில் கடந்துபோகும் செய்தி ஒன்று உண்டு. அந்தச் சாலை தரைக்கு மேல் உயர்த்திக் கட்டப்படாமல் பள்ளத்தில் இறக்கப்பட்டதற்குக் காரணம் ரோண்டோ மக்களே. பாதிரியார் ஃபிளாய்ட் மாசியும் திமத்தி ஹோவர்டும் முன்நின்ற குடியிருப்போர் சங்கம் பாதையை மாற்ற இயலாத நிலையில், குறைந்தது சாலையைத் தாழ்த்தியாவது அமைக்கும்படி போராடிப் பெற்றது. இன்று அதன்மேல் நிலப்பாலம் அமைக்கலாம் என்று பேச முடிவது சாலை பள்ளத்தில் இருப்பதால்தான். மூடியின் மேல் தோன்றப்போகும் நிலத்தின் மதிப்பு அம்மக்களின் இழப்பிலிருந்தும் போராட்டத்திலிருந்தும் பிறந்தது. அதன்மீது முதல் உரிமை அவர்களுக்கே என்பது கருணைக் கோரிக்கை ஆகாது, கணக்கு.

இந்தக் கணக்கைப் பாராத நகரத்தில் என்ன நிகழும் என்பதற்கு டல்லஸ் சான்று. வுடால் ராஜர்ஸ் நெடுஞ்சாலையின் மேல் 2012இல் திறக்கப்பட்ட கிளைட் வாரன் பூங்கா 5.2 ஏக்கர் பரப்புடையது. பொறியியலில் அது பெரும் சாதனை. குழந்தைகள் விளையாடுகிறார்கள், மரங்கள் செழிக்கின்றன. பொதுப் பணமும் கொடையாளர் பணமும் அதில் கலந்துள்ளன. நிர்வாகம் தனியார் அறக்கட்டளையிடம். பூங்காவைச் சுற்றி உயர்ந்த கோபுரங்களும் ஏறிய மனை விலையும் அதன் வெற்றிக்கு ஆதாரமாகக் காட்டப்படுகின்றன. யாருடைய மனை, யாருக்கு வெற்றி என்று கேட்பாரில்லை. விலை ஏறும்போது வாடகைதாரர் வெளியேறுவார். முதலில் இயந்திரம் வெளியேற்றியது. இப்போது பூங்கா வெளியேற்றும்.

வீடுகளைத் தளம் தாங்காது, ஆகவே பூங்காவே பொருத்தம் என்று தொழில்நுட்பக் காரணம் கூறப்படுவதுண்டு. சுமை, காற்றோட்டம், தீப்பாதுகாப்பு ஆகியவை மெய்யான சிக்கல்கள். ஆயினும் மேற்கு பெர்லினின் ஷ்லாங்கன்பாடர் தெருவில் நெடுஞ்சாலையின் மேலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுந்தன. ஓஹையோவின் கொலம்பஸ் நகரில் 2004 முதல் நெடுஞ்சாலைக்கு மேல் கடைகள் இயங்குகின்றன. கடையைத் தாங்கும் தளத்தால் தாழ்வான வீட்டைத் தாங்க முடியாது என்றால் குறை கான்கிரீட்டில் இல்லை.

பள்ளத்தைவிடப் பூங்கா மேலன்றோ, நிறைவான நீதி கிட்டாத காரணத்தால் இருக்கும் நன்மையையும் மறுப்பதா என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. ஆனால் மூடி என்பது சாலையையும் நிலைப்படுத்துகிறது. கோடிக்கணக்கில் செலவிட்டு மூடிய சாலையை அகற்றும் பேச்சு அதன்பின் பல தலைமுறைகளுக்கு எழாது. நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரம் தன் உள்வட்டச் சாலையின் கிழக்குப் பகுதியை 2014க்கும் 2017க்கும் இடையில் மண்ணிட்டு நிரப்பி, அங்கே வீடுகளுக்கு வழிவிட்டது. அந்த வாய்ப்பை என்றைக்குமாகக் கைவிடும் சமூகம் அதற்கான விலையைக் கேட்பது பேராசை ஆகாது.

உரியவர்களை இத்தனை காலத்துக்குப் பின் எப்படிக் கண்டறிவது என்ற தயக்கத்துக்கும் இடமில்லை. ரோண்டோவில் சொத்திழந்தோரின் வழித்தோன்றல்கள் வீடு வாங்க உதவும் நிதித் திட்டத்தை அந்நகராட்சியே தொடங்கியிருக்கிறது. நிலத்தை விற்பனைக்கு விடாமல் பொதுவில் வைத்து வீட்டை மட்டும் எளிய விலையில் வழங்கும் சமூக நில அறக்கட்டளையும் ரோண்டோவின் பெயரிலேயே இயங்குகிறது. கருவிகள் கைவசம் உள்ளன. தளம் வார்க்கப்படும் முன்பே உரிமைப் பத்திரம் எழுதப்பட வேண்டும்.

இந்திய மாணவர்கள் இதனை அயல்நாட்டுச் செய்தியாகப் படித்து நகர வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டத்தின் 101ஆம் பிரிவு, ஐந்தாண்டுகள் பயன்படுத்தப்படாத நிலத்தை முன்னாள் உடைமையாளருக்கோ வாரிசுகளுக்கோ, ‘அல்லது’ அரசின் நில வங்கிக்கோ திருப்ப வேண்டும் என்கிறது. ஒப்புக்கொண்ட உரிமையை அந்த ஒற்றை ‘அல்லது’ எப்படிக் கரைக்கிறது என்பது ஆய்வுக்குரிய பொருள். பயன்படாத நிலத்துக்கே இந்நிலை என்றால், எடுத்த நிலத்தின் மேல் நாளை முளைக்கும் புதிய நிலத்தைப் பற்றிச் சட்டம் என்ன சொல்லும்? பசுமையான வரைபடத்தோடு இத்தகைய திட்டம் ஒன்று வரும் நாளில், மர வகைகளைப் பற்றிக் கேட்பதற்கு முன் பட்டா யார் பெயரில் என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.