ராணுவம் யாருக்குச் சொந்தம்?

"ராணுவத்தைக் கேள்வி கேட்டா தேசத்துரோகி"ன்னு கத்துறாங்களே, அவங்களுக்கு சீன ஜெனரல் சியாவோ கே யாருன்னு தெரியுமா?

1907-இல் ஹூனானில் பிறந்தவர். 1927 நான்சாங் எழுச்சியில் களம் கண்டவர். நெடும்பயணத்தில் படை நடத்தியவர். ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டவர். 1955-இல் ஜெனரல்.

கிடைத்த பரிசு? 1958-இல் 'வறட்டுவாதி' என்று முத்திரை குத்தி, படையை விட்டே அனுப்பினாங்க. தரிசு நிலம் திருத்தும் துறையில் வேலை!

அதுக்கப்புறமாவது வாயை மூடினாரா? இல்லை!

1989 மே. பெய்ஜிங்கில் ராணுவச் சட்டம். ஏழு மூத்த ஜெனரல்கள் கடிதம் எழுதினாங்க. எண்பதைத் தாண்டிய சியாவோ கேயும் அதில் ஒருவர். இது மக்களின் படை. மக்களைச் சுடக்கூடாது, நகருக்குள் நுழையவே கூடாது என்றார்கள்.

கேட்டாங்களா? ஜூன் 3 இரவு டாங்கிகள் நுழைந்தன. வீதியில் விழுந்தவர்கள் எதிரி நாட்டுக்காரர்கள் அல்ல, சொந்த மக்கள்!

2008-இல், 101 வயதில் சியாவோ கே மறைந்தார்.

இப்போ நீங்களே சொல்லுங்க. தடுத்தவர் துரோகியா? சுடச் சொன்னவர் தேசபக்தரா?

அடுத்த முறை யாராவது "துரோகி"ன்னு ஆரம்பிச்சா, இந்த ஏழு பேர் கதையை முகத்துக்கு நேரா சொல்லுங்க!

பகிருங்கள் தோழர்களே!