எந்த வண்டை ஒழிப்பது?

"வண்டு ஒழிந்தால்தான் விளைச்சல்." உழவர் கூட்டம் எங்கே நடந்தாலும் மேடையில் யாராவது ஒருவர் இதைச் சொல்கிறார். கூடியிருப்பவர்களும் தலையாட்டுகிறார்கள். பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இது தவறு, கேடும்கூட.

எந்த வண்டை ஒழிப்பது? உலகில் இதுவரை பெயர் வைத்திருக்கும் வண்டினங்கள் ஏறத்தாழ 4 லட்சம். பெயர் பெற்ற விலங்கினங்களில் சுமார் நான்கில் ஒரு பங்கு வண்டுகளே. ஒழிக்கச் சொல்பவர் அவற்றில் பத்தின் பெயரையாவது சொல்லட்டும்.

தென்னையைக் காண்டாமிருக வண்டு குடைகிறதே என்பார்கள். குடைகிறதுதான். ஆனால் அதன் புழு வளர்வது நாம் கிளறாமல் விட்ட எருக்குழியிலும் வெட்டிப்போட்டு மறந்த தென்னங்கட்டையிலும்.

"வண்டால் நமக்கு என்ன பயன்?" என்கிறார்கள். இதற்கு ஆஸ்திரேலியாவின் அனுபவமே பதில். 1788-ல் அங்கே குடியேறிய ஆங்கிலேயர் கப்பலில் மாடுகளையும் கொண்டுபோனார்கள். மாட்டுச் சாணத்தைப் புதைக்கும் வண்டுகள் உடன் போகவில்லை. அந்த மண்ணின் சாணவண்டுகள் கங்காருவின் காய்ந்த புழுக்கைக்குப் பழகியவை. பசுவின் ஈரச் சாணத்தைப் பெரும்பாலும் அவை தொடவில்லை. ஒரு மாடு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை சாணி போடும். அத்தனையும் மாதக்கணக்கில் மக்காமல் கிடந்தது. அடியில் இருந்த புல் செத்தது. ஓரத்தில் முளைத்த புல்லில் மாடு வாய் வைக்கவில்லை. மனிதர் முகத்தை மொய்க்கும் ஈயும் மாட்டின் ரத்தம் குடிக்கும் ஈயும் அந்தச் சாணத்திலேயே பெருகின. ஹங்கேரியில் பிறந்த பூச்சியியலாளர் ஜார்ஜ் போர்னமிஸ்ஸா 1950களில் அங்கே போய்ப் பார்த்து, குறைவது வண்டு என்று கண்டுகொண்டார். 1960களின் நடுவில் அந்நாட்டு அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. வேலையில் இறங்கியது. தென்னாப்பிரிக்காவிலும் பிற இடங்களிலும் வண்டுகளைத் தேடிப் பிடித்து, நோய் தொற்றாமல் முட்டைகளைக் கழுவி, தனியே அடைத்து வளர்த்து, மேய்ச்சல் நிலங்களில் விட்டார்கள். கொண்டுவந்த 40-க்கும் மேற்பட்ட இனங்களில் 23 வேரூன்றின. அவை பெருகிய இடங்களில் சாணம் ஓரிரு நாளில் மண்ணுக்குள் போனது; அதன் சத்தும் வேருக்குப் போனது. வண்டு தோண்டிய துளைகளில் மழைநீர் இறங்கியது. ஈக்கு முட்டையிட இடம் குறைந்தது.

ஒரு நாடு இருபது வருடம் பாடுபட்டுக் கொண்டுவந்த உயிர் நம் மேய்ச்சல் காடுகளில் தானாகவே இருக்கிறது. அதை நாம் அறியாமலே கொல்கிறோம். ஐவர்மெக்டின் என்ற குடற்புழு மருந்து போட்ட மாட்டின் சாணத்தில் மருந்து மிச்சமாகத் தங்கி, சாணவண்டின் புழுக்களைச் சாகடிக்கிறது. மாட்டுக்கு மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேவையறிந்து போட வேண்டும் என்கிறேன்.

பயிருக்கு மருந்தடித்தால் பூச்சி போய்விடும் என்பதும் பாதி உண்மைதான். பொறிவண்டும் சேர்ந்து போகிறதே! சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த வண்டைப் பலருக்கும் தெரியும். அதன் புழுவைத்தான் தெரிவதில்லை. கறுத்து, நீண்டு, குட்டி முதலை போல இருக்கும். வண்டைவிடப் பசியோடு அசுவினிப் பூச்சியைத் தின்பது அதுதான். உழவர் ஒருவர் அதை இலையோடு பறித்துக் கொண்டுபோய்க் காட்டினால், "புழு விழுந்திருக்கு, உடனே அடிங்க" என்று டப்பாவை எடுத்து நீட்டும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அடித்த சில வாரங்களில் அசுவினி முன்னைவிட அடர்த்தியாக ஏறுகிறது. அதற்கு இன்னொரு மருந்து கேட்டு அதே உழவர் கடன் சொல்லி நிற்கிறார்.