டாலர் கட்டினால் ஹாலிவுட் கதவு திறக்குமா?

ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போகும்போது நடுவில் ஒரு விளம்பரம் வரும். 'உங்க கதையை ஹாலிவுட் தயாரிப்பாளர்கிட்ட நேரடியா சொல்லுங்க. கட்டணம் சில டாலர்தான்!' லேப்டாப்பில் ஒரு ஸ்கிரிப்ட்டை எழுதி வெச்சிருக்கிற ஆள் நீங்கன்னா, கை தானா கார்டைத் தேடும்.

கொஞ்சம் பொறுங்க. அந்தக் காசு யாருக்குப் போகுதுன்னு பார்த்துட்டுக் கட்டலாம்.

முதல்ல, இப்படி ஒரு பிசினஸ் ஏன் இருக்கு? முன்பின் தெரியாதவர் அனுப்பும் ஸ்கிரிப்ட்டைப் பெரிய ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் பிரித்தே பார்ப்பதில்லை. 'என் கதையைத் திருடிட்டாங்க'ன்னு நாளைக்குக் கேஸ் வந்துடுமோங்கிற பயம். ஏஜென்ட் மூலமா வாங்கன்னு சொல்வாங்க. ஏஜென்ட்டோ, 'இதுக்கு முன்னாடி என்ன பண்ணியிருக்கீங்க?'ன்னு கேட்பார். இந்த இடுக்கில்தான் பிட்ச்சிங் சர்வீஸ்கள் கடை போட்டிருக்கின்றன.

முன்பெல்லாம் இது நேரடிச் சந்தை. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் பர்பாங்க்கில் நடந்த 'கிரேட் அமெரிக்கன் பிட்ச்ஃபெஸ்ட்'டில் ஒரு மேசைக்கு 5 நிமிஷம். நேரம் முடிஞ்சா எழுந்து அடுத்த மேசைக்குப் போகணும். இப்போது வீடியோ காலில் நடக்கிறது. எதிரில் உட்கார்ந்து கேட்பவர் பல நேரங்களில் கம்பெனியின் ஜூனியர் எக்ஸிக்யூட்டிவ் அல்லது உதவியாளர். படத்துக்கு 'ஓகே' சொல்லும் அதிகாரம் அவரிடம் இருக்காது. உங்க கதையைக் கேட்கிறதுக்கு அவருக்குப் பணம் கொடுக்கிற சர்வீஸ்களும் உண்டு.

இங்கதான் விஷயமே இருக்கு. ஏஜென்ட் வழக்கமா வாங்குவது 10 சதவிகிதம், அதுவும் கதை விற்ற பிறகு. உங்களுக்குக் காசு வந்தால்தான் அவருக்கும் காசு. பிட்ச்சிங் சர்வீஸுக்கு அப்படியில்லை. உங்க கதை விற்றாலும் விற்காவிட்டாலும் அதன் வருமானம் முன்பே வந்தாச்சு. இன்னும் சொன்னா, விற்காதவர்தானே அடுத்த மாசமும் வந்து கட்டுவார்?

நடிகர்கள் விஷயத்தில் இதை அமெரிக்கச் சட்டமே கவனித்தது. வாய்ப்பு வாங்கித் தருவதாக முன்பணம் வாங்குவதைத் தடுக்க, 2009-ல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2017-ல் அந்தச் சட்டத்தின் கீழ், காசு வாங்கிக்கொண்டு நடிகர்களை காஸ்டிங் ஆட்கள் முன்னால் நடித்துக்காட்ட வைத்த 5 ஒர்க்‌ஷாப்கள் மீது லாஸ் ஏஞ்சலஸ் நகர அட்டர்னி வழக்கு போட்டார். எழுத்தாளர்களிடம் விற்கப்படுவதும் ஏறக்குறைய அதே 'சந்திப்பு'தான்.

எல்லாமே ஏமாத்து வேலையான்னா, இல்லை. ஃபிராங்க்ளின் லெனார்ட் 2005-ல் ஆரம்பித்த 'பிளாக் லிஸ்ட்', 2012-ல் யாரும் ஸ்கிரிப்ட் ஏற்றக்கூடிய கட்டண இணையதளமாகவும் விரிந்தது. அதன் வழியாகக் கண்டெடுக்கப்பட்ட 'நைட்டிங்கேல்', டேவிட் ஓயலோவோ நடிக்க 2015-ல் ஹெச்.பி.ஓ-வில் வந்தது. இங்கே உங்க காசுக்கு ஒருத்தர் ஸ்கிரிப்ட்டை முழுசாப் படிச்சு, மார்க் போட்டு, குறை எழுதித் தருகிறார். மதிப்பீடு, மாத வாடகை இரண்டும் சேர்ந்து நம்ம காசுக்கு 10,000 ரூபாயைத் தாண்டிடும். அது பிடிக்குதோ இல்லையோ, கையில ஒரு பொருள் வருது. 5 நிமிஷ வீடியோ காலில் வருவது பெரும்பாலும் 'நைஸ் ஐடியா, குட் லக்'.

இன்னொண்ணு, 'ஐ அக்ரீ'ன்னு டிக் பண்றதுக்கு முன்னாடி படிங்க. இதே மாதிரி ஒரு படம் வந்தால் வழக்கு போடமாட்டேன் என்கிற ரிலீஸ் படிவம் பல இடங்களில் அதற்குள் ஒளிந்திருக்கும். 'சர்கார்' ஞாபகம் இருக்கா? 2018-ல் வருண் ராஜேந்திரனுக்கு நன்றி கார்டு கிடைத்ததற்குக் காரணம், 2007-லேயே தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் 'செங்கோல்' கதையைப் பதிந்து வைத்திருந்தது. மத்திய அரசின் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு கதையைப் பதிய 500 ரூபாய்தான். பிட்ச் பண்றதுக்கு முன்னாடி முடிக்க வேண்டிய வேலை அது.

இங்கேயே படம் பண்ணணும்கிறது உங்க கனவுன்னா, டாலர் கட்டுறதுல அர்த்தமே இல்ல. கோடம்பாக்கத்தில் இன்னமும் கதை வாயால்தான் சொல்லப்படுகிறது. அதைக் கேட்க உட்காருபவர்களுக்குக் குறும்படம்தான் விசிட்டிங் கார்டு. கார்த்திக் சுப்புராஜும் நலன் குமாரசாமியும் 'நாளைய இயக்குநர்' மேடையிலிருந்து வந்தவர்கள். பத்தாயிரம் ரூபாயில் நண்பர்களோட ஒரு மொபைல் குறும்படமே எடுத்துடலாம்.

இல்ல, இங்கிலீஷ்ல எழுதியிருக்கேன், ஹாலிவுட்டுக்குத்தான் போகணும்கிறீங்களா? சரி, கட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு மெயில் போடுங்க. 'உங்க பிட்ச் வழியா வந்த கதைகளில் எது படமாச்சு? தலைப்பு சொல்லுங்க.' இத்தனை பேர் ஸ்கிரிப்ட் கேட்டாங்க, இத்தனை மீட்டிங் நடந்துச்சுன்னு பதில் வந்தா, கார்டை பர்ஸுக்குள்ளேயே வெச்சுடுங்க.